அகதி வாயில்லாப் பூச்சி அல்ல

புலம்பெயர் இலக்கியக் கூட்டங்களில் ஒரு வாக்கியம் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது: “வேற்றுக்கிரகவாசி என்பவர் வேறு யாருமல்ல, அகதிதான்.” சொல்லிவிட்டுப் பேச்சாளர் சபையை ஒருமுறை பார்ப்பார். சபையும் தலையாட்டும். அகதியாக வந்தவரும் தலையாட்டுவார், அகதியின் பிள்ளையும் தலையாட்டும். எங்களைப் பற்றி யாரோ நல்லதாக ஏதோ சொல்லிவிட்டார்கள் என்ற திருப்தியோடு தேநீர் இடைவேளைக்குப் போவோம். இந்தக் கட்டுரை அந்தத் தலையாட்டலுக்கு எதிரானது.

விஞ்ஞானப் புனைவு எங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. “அதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு” என்று ஒதுக்கிய மூத்த தலைமுறை விமர்சகர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வேற்று இனம் ஒன்று மனிதரிடையே வந்து தங்குவதும், இரு தரப்பும் ஒன்றையொன்று நம்பாமலும் விட்டுவிட முடியாமலும் தவிப்பதும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. அந்தக் கதையை யார், எப்படி முடிக்கிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

எல்லோரும் உதாரணம் காட்டும் படத்திலிருந்தே தொடங்குவோம். நீல் புளோம்காம்பின் ‘டிஸ்ட்ரிக்ட் 9’ 2009 ஓகஸ்ட் 14 அன்று வட அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. 1982இல் ஒரு விண்கலம் ஜொகன்னஸ்பேர்க் நகரின் மேலே வந்து அசையாமல் நின்றுவிடுகிறது. கலத்தை வெட்டித் திறந்தால் உள்ளே பட்டினியால் வாடிய பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். அவர்களைக் கீழே இறக்கி ஒரு முகாமில் அடைக்கிறார்கள். முகாம் சேரியாகிறது. நகரத்து மக்கள் அவர்களை ‘இறால்’ என்று இழிவாக அழைக்கிறார்கள். ஜொகன்னஸ்பேர்க் தோட்டங்களில் ‘பார்க்டவுன் இறால்’ என்று சொல்லப்படும் ஒரு பெரிய பூச்சி உண்டு, ஒருவகை வெட்டுக்கிளி. வசை அங்கிருந்து வந்தது. கடைசியில் ஒரு தனியார் நிறுவனம் அவர்கள் அனைவரையும் நகருக்கு வெளியே இன்னொரு முகாமுக்கு மாற்றப் புறப்படுகிறது.

பெயரே வரலாற்றைச் சொல்கிறது. கேப்டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்ற பகுதியை 1966இல் நிறவெறி அரசு வெள்ளையருக்கு மட்டும் உரியது என்று அறிவித்தது. 1982 வரைக்குமான காலத்தில் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டனர். அதே குழுப்பகுதிச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் ஜொகன்னஸ்பேர்க்கின் பேஜ்வியூவிலிருந்தும் இந்தியர்களை வெளியேற்றியது. 1860இலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழரின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். படம் பிடிக்கப்பட்ட சொவேட்டோவின் சியாவெலோவுக்குப் பக்கத்தில்தான் இந்தியருக்கென்று ஒதுக்கப்பட்ட லெனேசியா இருக்கிறது. ஆகவே இந்தப் படத்தோடு எங்களுக்குள்ள உறவு வெறும் உவமை உறவு அல்ல.

அப்படியானால் என்ன குறை? முதலாவது, அந்தப் பத்து இலட்சம் பேரில் சிந்திப்பவராக ஒருவரைத்தான் படம் காட்டுகிறது. மற்றவர்கள் குப்பை கிளறுகிறார்கள், பூனை உணவுக்காக ஆயுதத்தை விற்கிறார்கள். இவர்கள் தலைமையை இழந்த வேலையாட்கள், தாமாக எதையும் செய்யத் தெரியாதவர்கள் என்று படத்தின் ‘நிபுணர்’ விளக்கம் வேறு கொடுக்கிறார். அந்த விளக்கத்தைப் படம் எங்கும் மறுக்கவில்லை. ஒரே ஒருவர், கிறிஸ்டோபர் ஜோன்சன் என்று மனிதர்கள் பெயர் சூட்டிய பொறியியலாளர், கடிதத்தை வாசித்துப் பார்த்து இந்த வெளியேற்றம் சட்டவிரோதம் என்கிறார். உடனே அதிகாரி அவருடைய பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகப்போவதாக மிரட்டுகிறார். படத்தில் மிக உண்மையான காட்சி அதுதான். அரச அலுவலகம் ஒன்றில் சட்டத்தை எடுத்துச் சொல்லப்போய்ப் பிள்ளையின் பெயரால் மிரட்டப்பட்ட எவருக்கும் அது விளங்கும். ஆனால் எங்கள் இரக்கத்துக்கு உரியவராக அந்த ஒருவரை மட்டும் தெரிந்தெடுப்பது எந்தக் கண்? குடிவரவுத் திணைக்களத்தின் கண். கல்வி உள்ளவர், தொழில் தெரிந்தவர், மொழி தெரிந்தவர் முன்னே வரலாம், மற்றவர்கள் கும்பல்.

இரண்டாவது குறை இன்னும் கொடியது. முகாமுக்குள் ஆயுதமும் பூனை உணவும் விற்கும் குண்டர் கூட்டம் ஒன்று படத்தில் வருகிறது. அவர்கள் நைஜீரியர்கள். மாந்திரீக பலம் கிடைக்கும் என்று வேற்றுக்கிரகவாசியின் சதையைத் தின்பவர்கள். அவர்களுடைய தலைவனின் பெயர் நைஜீரியாவின் முன்னாள் சனாதிபதி ஒருவரின் பெயரை அப்படியே நினைவூட்டுகிறது. நைஜீரியத் தகவல் அமைச்சர் டோரா அகுன்யிலி அந்த ஆண்டே தன் நாட்டுத் திரையரங்குகளில் படத்தை நிறுத்தச் சொன்னார், தயாரிப்பாளரிடம் மன்னிப்பும் கேட்டார். இதை ஒரு சிறிய சறுக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. தென்னாபிரிக்காவில் 2008 மே மாதம் வெளிநாட்டவருக்கு எதிரான வன்முறையில் அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். படத்தின் மூலமான 2005ஆம் ஆண்டுக் குறும்படத்தில் ‘வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி’ தெருவில் மக்கள் சொல்லும் பதில்கள் உண்மையில் நைஜீரியரையும் சிம்பாப்வேயரையும் பற்றி அவர்கள் சொன்னவை. அதாவது, உண்மையான குடிபெயர்ந்தவர் மீதான வெறுப்பைக் கடன் வாங்கிப் பூச்சி மனிதருக்கு அனுதாபம் தேடிக் கொடுத்தார்கள். கடன் கொடுத்த நைஜீரியருக்குக் கிடைத்தது நரமாமிசம் தின்னும் வேடம். இரக்கத்துக்கு இல்லாத பூச்சி, வெறுப்புக்கு இருக்கிற மனிதர். ‘இது எங்கள் கதை’ என்று கைதட்டும் தமிழர் இதைக் காணாமல் விடலாமா?

மூன்றாவது குறைதான் என் வாதத்தின் மையம். கிறிஸ்டோபர் ஜோன்சன் படத்தின் இறுதியில் கலத்தை இயக்கிக்கொண்டு போய்விடுகிறார். அவர் நல்லவர் என்பதற்கு அதுவே அத்தாட்சி. கதைக்குள் விண்கலம் வந்து நின்ற அதே 1982இல் வெளிவந்த ஸ்பீல்பேர்க்கின் ‘ஈ.ரி.’யை எண்ணிப் பாருங்கள். உலகம் முழுக்கக் கண்ணீர்விட்ட அந்தச் சின்ன உயிருக்கு ஒரே ஆசை, வீட்டுக்குப் போவது. திரும்பிப் போகிற வேற்றுக்கிரகவாசியைத்தான் மனிதர் நேசிக்கிறார்கள். தங்கிவிடுகிறவர் நேசிக்கப்பட வேண்டுமென்றால் சூப்பர்மானாக வேண்டும். அவர்களைப் போலவே முகம் இருக்கவேண்டும், ஊரில் வளரவேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு தான் யாரென்பதை மறைக்கவேண்டும். 1938இல் அச்சில் வந்த சூப்பர்மானை உருவாக்கியவர்கள் யூதக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகள் இருவர், அவர்களில் ஜோ ஷஸ்டர் பிறந்தது ரொறன்ரோவில். தங்குவதற்கான விலை என்னவென்று அந்த இரண்டு பையன்களுக்கும் தெரிந்திருந்தது.

நாங்களோ திரும்பிப் போகவுமில்லை, கண்ணாடி போட்டு மறையவுமில்லை. தங்கினோம். எங்களுடைய கதைக்கு அந்த இரண்டு அச்சும் பொருந்தாது. “பிரச்சினை முடிந்ததும் ஊருக்குப் போயிடுவம்” என்று எண்பதுகளில் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தவர்கள் இன்று பேரப்பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகிறார்கள். அந்த நாற்பது வருடத்தில் நடந்ததுதான் எங்கள் இலக்கியத்தின் பொருள்.

“ஆனாலும் இப்படியான கதை இல்லாவிட்டால் எங்களைப் பற்றி யோசிக்கவே மாட்டாதவர்களின் மனத்தையல்லவா அது தொடுகிறது?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. திகதிகளைப் பார்ப்போம். படம் திரைக்கு வந்த அந்த ஓகஸ்டில் வன்னியிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மெனிக் பாம் முதலான முட்கம்பி வேலிகளுக்குள் இருந்தார்கள். அவற்றின் அதிகாரபூர்வப் பெயர் நலன்புரிக் கிராமங்கள். வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம் என்று தமிழ்ப் பெரியார்களின் பெயர்கள். சரியாக ஓராண்டுக்கு ஒரு நாள் முந்தி, 2010 ஓகஸ்ட் 13இல், ‘சன் சீ’ கப்பல் 492 தமிழரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தது. அவர்களில் 49 பேர் பிள்ளைகள். திரையரங்கில் இறால்களுக்காக இரங்கிய அதே நாடு இவர்களை மாதக்கணக்கில் தடுத்துவைத்தது. 2012இல் வந்த சட்டம், கூட்டமாக வருவோரை அமைச்சர் ‘குறித்துரைக்கப்பட்ட வெளிநாட்டவர்’ என்று அறிவிக்கலாம், அவர்களில் பதினாறு வயதைத் தாண்டியவர்களைக் கட்டாயம் தடுத்துவைக்கலாம், ஐந்து வருடத்துக்கு நிரந்தர வதிவிடம் கேட்க முடியாது என்று எழுதியது. படம் சட்டத்தைத் தடுத்திருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த இரக்கம் பார்வையாளரிடம் எதையும் கேட்கவில்லை என்கிறேன். பூச்சிக்கு இரங்குவது செலவில்லாத காரியம். பூச்சி நாளைக்குப் பக்கத்து வீட்டை வாங்காது.

உண்மையான ஆவணங்களோ எந்தப் புனைவையும் விடச் செறிவானவை. ‘சன் சீ’யில் வந்த சிலருடைய வழக்கு கனடிய உச்ச நீதிமன்றம் வரை போனது. அடையாளத்தைக் காப்பதற்காக அவர்களுக்குப் பெயருக்குப் பதில் இலக்கம். பி010 என்பவர் கப்பலின் இயந்திர அறையில் முறைவைத்து வேலை செய்தவர். பி306 என்பவர் கொஞ்சம் நல்ல சாப்பாட்டுக்காகச் சமைத்தவர், கடலைக் கண்காணித்தவர். இந்த வேலைகளைக் காட்டி அவர்களை ஆட்கடத்தற்காரர் என்று அரசு வகைப்படுத்தியது. தப்பி ஓடுவோர் ஒருவருக்கொருவர் உதவுவது கடத்தல் ஆகாது என்று 2015 நவம்பரில் நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. நடுக்கடலில் சோறு சமைத்த குற்றத்துக்காக ஒரு மனிதர் ஐந்து வருடம் வழக்காடியிருக்கிறார். இதிலே எங்கே வாயில்லாப் பூச்சி? வாதாடுகிறார், மேன்முறையீடு செய்கிறார், வெல்கிறார். அகதிக்கு உணர்கொம்பு வைத்த கதைகளில் நான் காணாதது இந்த வாய்தான்.

வேற்றினக் கதையை வேறுமாதிரி எழுதலாம் என்று காட்டியவர் ஒக்டேவியா பட்லர். கறுப்பினப் பெண், கலிபோர்னியாவில் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் மகள். 1984இல் வந்த அவருடைய ‘பிளட்சைல்ட்’ சிறுகதையில் அகதிகள் மனிதர்கள். பூமியில் கொலைக்கும் அடிமைத்தனத்துக்கும் தப்பி ‘ட்லிக்’ என்ற பூச்சியினத்தின் கிரகத்துக்கு வந்தவர்கள். ட்லிக் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பு வலயம் கொடுக்கிறது. பதிலுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளையைத் தரவேண்டும். அந்தப் பிள்ளையின் உடலில் ட்லிக் முட்டையிடும். கான் என்ற பையனின் குடும்பத்தோடு உறவாக இருக்கும் ட்லிக், ட்’கடோய், அவனைத் தன் உடலோடு அணைத்து வளர்த்த பெண். அவனுடைய தாய்க்குச் சிநேகிதி. அவனிடம் வாடகை வாங்கப்போகிறவரும் அவரே.

இந்தக் கதை அடிமைத்தனத்தைப் பற்றியது என்று பலரும் சொன்னபோது பட்லர் மறுத்தார். இது வாடகை கொடுப்பது பற்றிய கதை என்றார். ஒரு சொல்லில் முழு விஷயமும் வந்துவிடுகிறது. அந்நியருடைய மண்ணில் தங்குகிறவர் எதையோ கொடுக்கிறார். கொடுப்பது அன்பாலா, பயத்தாலா, வேறு வழியில்லாமலா என்று அவருக்கே சொல்லத் தெரியாது. கான் இறுதியில் சம்மதிக்கிறான். ஆனால் சட்டப்படி மனிதர் வைத்திருக்கக்கூடாத துப்பாக்கியைத் தங்களிடமே விடவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறான். எங்களைச் சரிசமமாக நடத்துவதென்றால் அதிலுள்ள ஆபத்தையும் ஏற்றுக்கொள் என்பது அவனுடைய நியாயம். ட்’கடோய் ஏற்றுக்கொள்கிறார். அந்தப் பேரம்பேசல் இல்லாவிட்டால் அந்தக் கதையும் இன்னொரு இரக்கக் கதையாகத்தான் போயிருக்கும்.

எங்களுடைய வாடகைக் கணக்கை நாங்கள் எழுதியிருக்கிறோமா? நோர்வேயின் வடக்கில் மீன் தொழிற்சாலையின் குளிரில் விரல் மரத்தவர்கள், சுவிஸ் உணவகங்களின் பின்கட்டில் சட்டி கழுவியவர்கள், லண்டன் பெற்றோல் நிலையங்களில் இரவு முழுக்க விழித்திருந்தவர்கள். அது ஒரு பகுதி. இன்னொரு பகுதி கதை. தஞ்சம் கேட்பவர் தன்னுடைய மிக மோசமான நாளைத் திகதி பிசகாமல், முன்னுக்குப்பின் முரணில்லாமல், முன்பின் தெரியாத அதிகாரியிடம் சொல்லவேண்டும். உடம்பில் தழும்பு இருந்தால் அதையும் காட்டவேண்டும். பிரித்தானியாவில் கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் இலங்கைத் தமிழரின் சூட்டுத் தழும்புகளைப் பார்த்து, தஞ்சம் பெறுவதற்காக அவரே வேறொருவரைக்கொண்டு சுட வைத்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் தள்ளிவைத்தது 2019இல். உடம்பையே விண்ணப்பப் படிவமாக்கும் இந்தச் சடங்கைப் பட்லரின் முட்டையோடு ஒப்பிடுங்கள். எது புனைவு, எது நடப்பு என்று மயங்குவீர்கள்.

ஆகவே இரண்டாம் தலைமுறைப் படைப்பாளிகளிடம் நேராகவே கேட்கிறேன். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் நீங்கள் எழுதும் கதைகளில் அம்மாவுக்கு ஏன் உணர்கொம்பு முளைக்கிறது? அப்பா ஏன் யாருக்கும் விளங்காத ஒலியெழுப்பும் பெரிய, சாதுவான பிராணியாகிறார்? உங்களுக்கு அவர்களின் மொழி பாதிதான் விளங்கியது என்பது உண்மை. அந்தத் துயரம் எழுதப்படவேண்டியது. ஆனால் உங்களுக்கு விளங்காததும் அவர்களுக்குப் பேசத் தெரியாததும் ஒன்றல்ல. அந்த ‘ஒலி’ எழுப்பியவர் வீட்டில் சீட்டுக் கணக்கில் ஐந்து சதம் விடாதவர், சங்கக் கூட்டத்தில் நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டவர், கோயில் நிர்வாகத்தில் கட்சி பிரித்தவர், சாதி கேட்டுக் கல்யாணத்தைக் குழப்பியவர், கடன்பட்டு மச்சானை எடுப்பித்தவர். அந்தக் கெட்டித்தனமும் கீழ்மையும் இல்லாமல் அவரைச் சாதுப் பிராணியாக்கினால் வெள்ளை வாசகர் அழுவார், உண்மைதான். அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடுவார். உங்கள் அப்பாவை அவர் இன்னும் சந்திக்கவேயில்லை.

மூத்தவர்களிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. தங்கியவர் ஒருநாள் வீட்டுக்காரராகிறார். புளோம்காம்ப் ஜொகன்னஸ்பேர்க் தெருவில் பிடித்த அந்த மைக்கை ஸ்கார்பரோவிலோ ஹரோவிலோ லா ஷப்பலிலோ எங்கள் ஆட்கள் முன்னால் நீட்டிப் பாருங்கள். “நாங்கள் வந்த நேரம் இப்படியில்லை. இப்ப வாறவைக்கு எல்லாம் சும்மா கிடைக்குது.” இதை நான் பிறந்தநாள் கொண்டாட்டங்களில், செத்தவீடுகளில், கடை வரிசைகளில் கேட்டிருக்கிறேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்பவர் முப்பத்தைந்து வருடத்துக்கு முன் தரகருக்குக் காசு கொடுத்து, பிறருடைய கடவுச்சீட்டில் வந்திறங்கியவராக இருப்பார். அவருடைய வீட்டு நிலவறையில் இந்தியாவிலிருந்து படிக்க வந்த நாலு பிள்ளைகள் ஓர் அறையில் படுத்திருக்கும். ரசீது இல்லாத வாடகை. பொங்கலுக்கு அவர்களுக்குச் சாப்பாடும் கொடுப்பார், மனமாரத்தான். ட்’கடோயைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது. பாதுகாப்பும் அவர்தான், வாடகையும் அவருக்குத்தான். ‘வேற்றுக்கிரகவாசி என்றால் அகதி, அகதி என்றால் நாங்கள்’ என்று தலையாட்டிக்கொண்டிருக்கும்வரை இந்த வீட்டுக்காரரை எங்களால் எழுத முடியாது. அந்தச் சமன்பாடு எங்களை என்றென்றைக்கும் விருந்தாளியாக, ஆகவே குற்றமற்றவராக வைத்திருக்கிறது.

ஆங்கிலச் சட்டமொழியில் வேற்றுக்கிரகவாசிக்கும் வெளிநாட்டவருக்கும் ‘ஏலியன்’ என்று ஒரே சொல். அமெரிக்காவில் வதிவிட அட்டை வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரால் ஓர் இலக்கமும் உண்டு. அந்தச் சொல் மனிதரைத் தள்ளிவைக்கிறது. தமிழில் நாங்கள் ‘வேற்று’ என்று மொழிபெயர்த்து அதே தூரத்தைக் கொண்டுவந்தோம். ஆனால் எங்களிடம் இன்னொரு சொல் இருக்கிறது. அயல். அயல்நாடு என்றால் அந்நிய நாடு. ஊரில் அயலட்டை என்றால் பக்கத்து வீடுகள். அயலவர் என்றால் நல்லது கெட்டதுக்கு முதலில் வருபவர், வேலிச் சண்டைக்கும் முதலில் வருபவர். 2024 பொங்கலுக்கு வந்த தமிழ்ப் படமொன்று வேற்றுக்கிரகவாசிக்கு ‘அயலான்’ என்று பெயர் வைத்தபோது, தெரிந்தோ தெரியாமலோ இந்த இரண்டு பொருளையும் ஒன்றாகத் தொட்டது. அந்நியரும் அடுத்த வீட்டுக்காரரும் ஒரே சொல்லில் குடியிருக்கிற மொழி எங்களுடையது. வேலிச் சண்டை பிடிக்கிறவரை வாயில்லாப் பூச்சியென்று யாரும் சொல்வதில்லை.

அந்த அயலவரை எழுதுங்கள். வானத்திலிருந்து வந்தவராகவே இருக்கட்டும், எட்டுக் கால் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அவர் திரும்பிப் போகக்கூடாது. கதை முடிந்த பிறகும் அடுத்த வீட்டில் இருக்கவேண்டும். என்ன வாடகை கொடுத்தார், யாரிடம் வாடகை வாங்குகிறார், எதற்கு மட்டும் சம்மதிக்க மறுத்தார் என்று கதை சொல்லவேண்டும். அப்படி ஒரு கதை கூட்டத்தில் வாசிக்கப்பட்டால் சபை தலையாட்டாது. பாதிப்பேர் எழுந்து சண்டைக்கு வருவார்கள். எங்களுக்கு இப்போது தேவையான கூட்டம் அதுதான்.